பாக்கிப் பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது? வாளையார் எல்லையில் இன்சூரன்ஸ் குறைதீர் சேவைகள்: ஒரு மதிப்புரை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் கோயம்புத்தூர்தான். ரேஷன் கார்டு கேரளாவில், ஆஸ்பத்திரி தமிழ்நாட்டில், பாலிசி போட்ட கிளை பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ. டிஸ்சார்ஜ் அன்று மத்தியானம் கவுன்டரில் "இன்சூரன்ஸ்ல இவ்வளவுதான் வந்திருக்கு, மீதி நீங்க கட்டிடுங்க" என்று சொல்லும்போது, யாரைக் கேட்பது என்றே தெரியாமல் நகையை அடகு வைக்க ஆள் ஓடும். கேட்பதற்கு ஐந்து இடங்கள் இருக்கின்றன: ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க், கம்பெனியின் குறைதீர் பிரிவு, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா என்ற புகார்த் தளம், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர் அதிகாரி, நுகர்வோர் ஆணையம். ஐந்தும் ஒரே தரம் இல்லை. எது எதற்கு உதவும், எங்கே நேரம்தான் வீணாகும் என்று பார்ப்போம்.

ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்: ஐந்துக்கு இரண்டரை

இந்த டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர் ஆஸ்பத்திரி ஊழியர். கம்பெனிக்கும், கம்பெனி சார்பில் கிளெய்மைக் கவனிக்கும் டிபிஏவுக்கும் காகிதம் அனுப்புவது அவர் வேலை, உங்களுக்காக வாதாடுவது அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். ஆனால் கையை விட்டுப் போகும் பணத்தில் பெரும்பங்கு முடிவாவது இங்கேதான், அதுவும் அட்மிஷன் போடும் முதல் பத்து நிமிடத்தில், ரூம் தேர்வு செய்யும்போது.

கணக்கைப் பாருங்கள். 5 லட்சம் பாலிசி, ரூம் வாடகை வரம்பு 1 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். டெஸ்க்கில் "8,000 ரூம்தான் காலி" என்கிறார்கள். நான்கு நாள் தங்கினால் 12,000 ரூபாய் கூடுதல், அவ்வளவுதானே என்று தலையாட்டிவிடுகிறோம். மொத்த பில் 2,40,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ரூம் 32,000; சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000; மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் 80,000; பாலிசியில் சேராத சில்லறைப் பொருள்கள் 8,000. ரூமில் 12,000 போகும். அதோடு நிற்காது. வரம்புக்கும் நீங்கள் எடுத்த ரூமுக்கும் உள்ள விகிதம் 62.5 சதவீதம் என்பதால், அந்த 1,20,000-லும் 75,000தான் கிடைக்கும், 45,000 போச்சு. சில்லறை 8,000-ஐயும் சேர்த்தால் கையிலிருந்து கட்ட வேண்டியது 65,000. ஐசியூ அல்லாத ரூம் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போனால் 5 சதவீத ஜிஎஸ்டி வேறு தனி.

இந்தக் கணக்கில் மருந்து, இம்ப்ளான்ட், டெஸ்ட் 80,000-ஐ நாம் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 2020-ல் ஐஆர்டிஏஐ கொண்டுவந்த விதிப்படி மருந்து, நுகர்பொருள், இம்ப்ளான்ட், மருத்துவக் கருவி, பரிசோதனைக் கட்டணம் ஆகியவற்றில் இந்த விகிதாசாரக் கழிவு செய்யக்கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. ரூம் வகையைப் பார்த்து ரேட் மாற்றாத ஆஸ்பத்திரியாக இருந்தால் எந்தக் கட்டணத்திலுமே கூடாது. ஆனாலும் மொத்த பில்லையும் 62.5 சதவீதமாகக் குறைத்துவிட்ட கடிதங்கள் வரத்தான் செய்கின்றன. நம் உதாரணத்தில் அப்படிச் செய்தால் கூடுதலாக 30,000 காணாமல் போகும். அந்த 30,000 சலுகையாகக் கேட்க வேண்டியதல்ல, விதிப்படி உங்களுடையது. "நீங்கள் ரூம் வகையைப் பார்த்து ரேட் மாற்றுகிறீர்களா, எதெதற்கு?" என்று ஆஸ்பத்திரியிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் பிற்பாடு பேச்சே சுருக்கமாக முடியும்.

வரம்புக்குள் ரூம் காலி இல்லை என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். காலியானதும் மாற்றச் சொல்லி நர்சிங் ஸ்டேஷனிலும் டெஸ்க்கிலும் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சு கோப்பில் ஏறாது.

அடுத்தது சில்லறைப் பொருள்கள். ஐஆர்டிஏஐயின் முதல் பட்டியலில் 68 பொருள்கள் உண்டு: கையுறை, மாஸ்க், டயபர், க்ரேப் பேண்டேஜ், நெபுலைசர் கிட், இடுப்பு பெல்ட், முழங்கால் பிரேஸ், ஈசிஜி எலக்ட்ரோடு, தெர்மாமீட்டர், ஜெராக்ஸ் கட்டணம், கூட இருப்பவர் சாப்பாடு என்று நீளும். பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் ஒழிய இவற்றுக்குப் பணம் வராது. "ஆர்த்தோ கிட்", "டெலிவரி கிட்" என்று உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒரே வரியில் போட்டாலும் இதே கதி. கிட்டைப் பிரித்து ஒவ்வொரு பொருளாக பில் போடச் சொன்னால் அதில் ஒரு பகுதியாவது மீளும்.

மீதி மூன்று பட்டியல்களைப் பற்றி டெஸ்க்கில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டாவதில் உள்ள 37 பொருள்கள் ரூம் வாடகைக்குள்ளும், மூன்றாவதில் உள்ள 23 அறுவைக் கட்டணத்துக்குள்ளும், நான்காவதில் உள்ள 18 சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளும் அடங்க வேண்டியவை. ஏசி கட்டணம், ஹவுஸ் கீப்பிங், ஃபைல் திறக்கும் கட்டணம், கையில் கட்டும் பெயர்ப்பட்டை, டிஸ்சார்ஜ் செயல்முறைக் கட்டணம் இரண்டாவதில். பஞ்சு, காஸ், சர்ஜிகல் பிளேடு, எக்ஸ்ரே ஃபிலிம் மூன்றாவதில். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், யூரின் பேக், ஸ்பிரிட் நான்காவதில். இவை தனி வரியாக பில்லில் வந்து, கம்பெனியும் வெட்டி, கடைசியில் உங்கள் தலையில் விழுந்தால் பில்லிங் மேலாளரிடம் அந்தப் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் ஆஸ்பத்திரி என்றால் பெரும்பாலும் அங்கேயே அடித்துவிடுவார்கள்.

இறுதி ஒப்புதல் கடிதத்தைக் கவுன்டரிலேயே கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். மொத்த பில், கழிவுகள், தள்ளுபடி, கோ-பே (பில்லில் நீங்கள் ஏற்கும் சதவீதம்), டிடக்டிபிள் (முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை), ஒப்புதல் தொகை, காப்பீடு எடுத்தவர் கட்ட வேண்டியது என்று தனித்தனி வரி இருக்கும். "தள்ளுபடி" என்ற வரியில் விரலை வையுங்கள். அது ஆஸ்பத்திரி கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தின்படி ஆஸ்பத்திரி விட்டுக்கொடுக்கும் பணம். மொத்த பில்லில் ஒப்புதல் தொகையைக் கழித்து "மீதி இவ்வளவு" என்று கவுன்டரில் சொன்னால் அந்தத் தள்ளுபடியும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். கட்ட வேண்டியது கடைசி வரியில் இருக்கும் தொகை மட்டும். பேசி வைத்த பேக்கேஜ் ரேட்டுக்கு மேல் நோயாளியிடம் வாங்கக்கூடாது, பாலிசியில் சேராதவற்றுக்கு மட்டும்தான் வாங்கலாம் என்ற நிபந்தனை கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். நீங்கள் கட்டிய அட்வான்ஸில் பிடிப்பதற்கும் அதே நிபந்தனைதான்.

நேரத்தைப் பொறுத்தவரை விதி நம் பக்கம். 2024 மே 29 தேதியிட்ட ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கேட்டு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு, டிஸ்சார்ஜ் கோரிக்கை போன மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் போட்டால் அது கம்பெனி செலவு. ஆனால் அந்த மூன்று மணி நேரம், ஆஸ்பத்திரி முழு பில்லை அனுப்பிய பிறகுதான் ஓடத் தொடங்கும். காலையில் டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லி, பார்மசி ரிட்டர்ன் கணக்கு முடிந்து, பில் போவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒப்புதலில் 40,000 மட்டும் வந்தால் பதற வேண்டாம், அது தொடக்கத் தொகை. கூடுதல் ஒப்புதலுக்கு டெஸ்க் மீண்டும் எழுத வேண்டும், அவ்வளவுதான். கேஷ்லெஸ் அடியோடு மறுக்கப்பட்டாலும் கிளெய்ம் மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ஒரிஜினல் காகிதங்களோடு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கலாம். கோவையில் நீங்கள் போகும் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இல்லையென்றால் 2024 ஜனவரியில் தொடங்கிய "கேஷ்லெஸ் எவ்ரிவேர்" ஏற்பாடு இருக்கிறது. திட்டமிட்ட அறுவை என்றால் 48 மணி நேரம் முன்னதாக, அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

இங்கே இன்னொன்று. கிளெய்மைக் கெடுப்பதில் பில்லைவிடக் கேஸ் ஷீட் மோசமானது. அட்மிஷன் அன்று இரவு டியூட்டி டாக்டர் "சுகர் எத்தனை வருஷமா?" என்பார். கூட வந்தவர் ஒரு குத்துமதிப்பாக "பத்து வருஷம் இருக்கும்" என்பார். அது "நோன் கேஸ் ஆஃப் டயபெடிஸ், 10 இயர்ஸ்" என்று ஏறிவிடும். பாலிசி நான்கு வருடம் பழசு என்றால், மறைத்துவிட்டீர்கள் என்று கடிதம் வர அது போதும். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்வதே உத்தமம். தப்பாக எழுதியிருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், சந்தேகம்தான் கூடும். சிகிச்சை செய்த டாக்டரிடம் பதிவு எண்ணோடு தனி விளக்கக் கடிதம் வாங்கி, சுகர் முதலில் கண்டுபிடித்த காலத்துச் சீட்டை இணைக்க வேண்டும். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால் மோசடி தவிர வேறு காரணத்துக்காக "மறைத்தீர்கள்" என்று தள்ள முடியாது. முன்பு இது எட்டு வருடம், 2024-ல் ஐந்தாகக் குறைந்தது.

கம்பெனியின் குறைதீர் பிரிவு: ஐந்துக்கு இரண்டு

பதில் வரும், பெரும்பாலும் முதல் கடிதத்தின் நகலாக. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாமல் ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. ஆகவே பதிலை எதிர்பார்த்து எழுதுவதைவிட, பிறகு மூன்றாம் ஆள் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். பாலிசி எண், கிளெய்ம் எண், வெட்டிய ஒவ்வொரு தொகை, எந்த விதிப்படி அது தவறு, மொத்தம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று ஒரே பக்கம். கோபம் வேண்டாம். கிளெய்ம் முழுவதும் மறுக்கப்பட்டிருந்தால் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: "மறுப்பைக் கிளெய்ம் பரிசீலனைக் குழு அங்கீகரித்ததா?" அந்த அங்கீகாரம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்பதும் 2024 சுற்றறிக்கையில் உள்ளதுதான்.

"நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேல்" என்று வெட்டியிருந்தால் எல்லைக்காரர்கள் உஷாராக வேண்டும். ஒப்பிட வேண்டியது சிகிச்சை நடந்த பகுதியின் கட்டணத்தோடு. கோவையில் செய்த அறுவைக்கு, நீங்கள் குடியிருக்கும் பாலக்காட்டு ரேட்டை வைத்து வெட்டுவது பாலிசி வாசகத்துக்கே பொருந்தாது. அதே அறுவைக்குக் கோவையில் வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளின் மதிப்பீட்டுச் சீட்டு வாங்கி இணைத்தால் பேச்சு எடுபடும். சிகிச்சை கேரளப் பக்கம் என்றால் வேலை இன்னும் சுலபம்: 2018-ம் ஆண்டு கேரள கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் சட்டப்படி கட்டணப் பட்டியலை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்க வேண்டும். போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

குறைந்த தொகையை "முழு, இறுதித் தீர்வு" என்று வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிடுங்கள்.

பீமா பரோசா: ஐந்துக்கு மூன்று

155255-க்கு அடித்தோ இணையத்திலோ புகார் பதிவு செய்யலாம். ஒரு டோக்கன் எண் கிடைக்கும், புகார் அதே கம்பெனிக்குத் திரும்பிப் போகும், ஐஆர்டிஏஐ மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இது நீதிமன்றம் இல்லை, யார் சரி என்று தீர்ப்பு சொல்லாது. பதிலே வராமல் கிடக்கும் கோப்பை அசைக்க நல்ல சேவை. பணம் எவ்வளவு என்ற தகராறுக்கு இதை நம்பி உட்கார வேண்டாம்.

இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்: ஐந்துக்கு நாலரை

ஐந்திலும் உருப்படியான கதவு இதுதான், ஆனால் இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கட்டணம் கிடையாது. வக்கீல் கிடையாது, பாலிசிதாரரோ வாரிசோ நாமினியோ நேராகப் பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பு சொல்லலாம். அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி திறந்தே இருக்கிறது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. புகார்தாரர் குடியிருக்கும் இடத்தைப் பார்த்தும் போகலாம், கம்பெனிக் கிளை இருக்கும் இடத்தைப் பார்த்தும் போகலாம். கொழிஞ்சாம்பாறையில் வீடு, பொள்ளாச்சிக் கிளையில் பாலிசி என்றால் கொச்சியும் சரி, சென்னையும் சரி. கொச்சி பக்கம், பாலக்காட்டிலிருந்து ரயிலில் போய் அன்றே திரும்பலாம். தமிழில் தயக்கமில்லாமல் பேச வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை. விசாரணையை வீடியோ வழியாகவும் நடத்தலாம் என்பதால் தூரத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. சித்தூர், நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் ஆந்திர எல்லைத் தமிழர்களுக்கும் இதே விதிதான். அவர்களுக்கு வீட்டு முகவரிப்படி ஹைதராபாத், கிளை தமிழ்நாட்டில் என்றால் சென்னை.

காலக்கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் போயிருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் சொல்லாமல் இருந்தாலோ, சொன்ன பதில் திருப்தியாக இல்லையென்றாலோ அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் இங்கே வர வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்.

காகிதங்கள்: பாலிசி முழு நகல், இறுதி பில் பிரித்த விவரத்தோடு, கட்டிய ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பரிசோதனை முடிவுகள், மருந்து பில் ஒவ்வொன்றுக்கும் சீட்டு, இம்ப்ளான்ட் என்றால் அதன் ஸ்டிக்கரும் இன்வாய்சும், கம்பெனியின் கழிவுக் கடிதம், உங்கள் புகாரும் பதிலும், சம்மதப் படிவம். உள்நோயாளிக் கேஸ் ஷீட் நகலையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

அரை மதிப்பெண் குறைத்தது தாமதத்துக்காக. தேவையான காகிதம் எல்லாம் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு என்பது விதி. "சேர்ந்த பிறகு" என்ற இடத்தில்தான் மாதங்கள் கரையும். ஒரு காகிதம் குறைந்தாலும் கோப்பு நிற்கும். தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் கம்பெனி பணம் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.

நுகர்வோர் ஆணையம்: ஐந்துக்கு மூன்று

கட்டணத்துக்கு இங்கே நீங்கள் கொடுத்த பிரீமியம்தான் கணக்கு, அது 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. அதனால் சாதாரணக் குடும்பத்துக்கு இலவசம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆக பாலக்காட்டிலேயே முடியும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் பணம் கேட்பதாக இருந்தால் இதுதான் இடம். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள், எதிர்த்தரப்பில் வக்கீல் வருவார், வாய்தாவும் வரும்.

அரசுக் காப்பீட்டுக்காரர்களுக்கு

மேலே சொன்ன ஆம்புட்ஸ்மேன் பாதை தனியார், பொதுத்துறைக் கம்பெனி பாலிசிகளுக்கு. கேரளாவின் காருண்ய ஆரோக்ய சுரக்ஷா பத்ததி, அதாவது காஸ்ப், மாநில சுகாதார முகமையே நடத்துவது. அதில் வரும் குறைகளுக்கு மாவட்டக் குறைதீர் குழு, விவரம் கேட்க 1056. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு 1800 425 3993. இரண்டிலும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம்.

எல்லையில் அடிக்கடி நடக்கும் தப்பு: கேரள ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு கோவையில் முதலமைச்சர் காப்பீடு கிடைக்கும் என்று நம்பிப் போவது. அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும். காஸ்ப் கார்டு கோவையில் செல்லுமா என்பது, உங்கள் குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி அந்தச் சிகிச்சைக்கு அதில் சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தது. அட்மிஷனுக்கு முன்னால் 14555-ல் கேளுங்கள். சேர்ந்த பிறகு பணம் கட்டிவிட்டு, பின்தேதியிட்டு இந்தத் திட்டங்களில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மீதியை எப்படிக் கட்டுவது

எல்லாம் சரிபார்த்த பின்னும் ஒரு தொகை உங்களுடையதாகவே நிற்கும். அதை ஒரே மூச்சில் ரொக்கமாகக் கட்டாதீர்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. வங்கி வழியாகப் போனால் பிறகு காட்ட ஆதாரமும் இருக்கும். வீட்டில் இரண்டாவது பாலிசி ஏதாவது, ஆபீஸ் குரூப் பாலிசி உட்பட, இருந்தால் முதல் கம்பெனியின் செட்டில்மென்ட் கடிதத்தையும் சான்றிட்ட பில் நகல்களையும் வைத்து மீதியை அங்கே கேட்கலாம். சேருவதற்கு முன்னால் செய்த டெஸ்ட், வந்த பின் வாங்கிய மருந்து, மறுபரிசோதனைக் கட்டணம் எல்லாம் பாலிசியில் சொன்ன நாள் கணக்குக்குள் இருந்தால் தனியாகக் கிடைக்கும். கேஷ்லெஸ் முடிந்ததோடு கிளெய்ம் முடிந்தது என்று இந்தக் காகிதங்களைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பல வீடுகளில் இதுவே சில ஆயிரம் தேறும்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால் கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ நகைக்கடன், பிஎஃப் நோய்ச்செலவு அட்வான்ஸ், எல்ஐசி பாலிசி மேல் கடன் இவற்றைப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவை. ஆஸ்பத்திரி கவுன்டரில் நீட்டும் மாதத் தவணைத் திட்டத்தில் "வட்டி இல்லை" என்றாலும் செயல்முறைக் கட்டணத்தைக் கேளுங்கள்.

அடுத்த புதுப்பிப்பில் செய்ய வேண்டியது ஒன்று. ரூம் வரம்பு இல்லாத பாலிசிக்கு மாறுங்கள், இல்லையென்றால் இருக்கும் பாலிசிக்கு மேலே கூடுதல் காப்பீடாக சூப்பர் டாப்-அப் சேருங்கள். வெறும் டாப்-அப் வேண்டாம். 5 லட்சம் டிடக்டிபிள் வைத்த டாப்-அப், ஒவ்வொரு தடவை சேரும்போதும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டினால்தான் பணம் தரும். ஒரே வருடத்தில் இரண்டு தடவை 4 லட்சம் 4 லட்சமாகப் போனால் அது ஒரு பைசா தராது. சூப்பர் டாப்-அப் வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்து மிச்ச 3 லட்சத்தைத் தரும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. புதுப்பிப்பு நோட்டீஸில் இன்னும் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் ஏஜென்டிடம் அதையும் கேளுங்கள்.